ஆயிரத்து ஒன்பதாவது விளக்கு

அடுப்படியில் கால் வைக்க இடமில்லை. தரை முழுக்கப் புளியங்கொட்டை.

உலை கொதிக்கிற நேரம். களைந்த அரிசியை இடுப்பில் வைத்துக்கொண்டு நான் நிலைப்படியில் நிற்கிறேன். என் வீட்டுக்காரர் பனியனும் மடித்துக் கட்டிய வேட்டியுமாக முட்டி போட்டுக்கொண்டு, கொட்டைகளை ஒவ்வொன்றாக வரிசை பிடித்துக்கொண்டிருக்கிறார்.

“மிதிச்சிடப் போற! முப்பத்தாறு வரிசை, வரிசைக்கு இருபத்தெட்டு. ஒண்ணு நகந்தாலும் எல்லாம் போச்சு.”

“சோத்தை எங்க வடிக்கிறது? முப்பத்தேழாவது வரிசையிலயா?”

அது அவர் காதில் விழவில்லை. உள்ளங்கையை விரித்துக் காட்டினார். அதில் ஒரே ஒரு கொட்டை இருந்தது.

“ஆயிரத்தெட்டும் சமத்தா உக்காந்துடுச்சு. இது ஒண்ணு மட்டும் எங்க வெச்சாலும் துருத்திக்கிட்டு நிக்குது.”

அந்தக் கொட்டைக்கு ஒரு பெயர் இருந்தது. கஸ்தூரி. அவளைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால், என் வீட்டு அடுப்படி ஏன் இந்தக் கதிக்கு ஆளானது என்பதைச் சொல்லியாக வேண்டும்.

கணக்கு வாத்தியாரைக் கட்டிக்கொண்டவள்

சென்ற வாரம் இந்தப் பத்தியில் குழாயடிச் சண்டையைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு, “என்னைப் பத்தி நல்லதா ஒரு வாரமாச்சும் எழுதக் கூடாதா?” என்று இவர் கேட்டார். கேட்டதால் எழுதுகிறேன். வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்டது அவராகத்தான்.

கீழ்பென்னாத்தூரில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலைக் காட்டுக்கு நடுவே வளர்ந்தவள் நான். திருவண்ணாமலையில் பள்ளிக்கூடத்து வாத்தியார் மாப்பிள்ளை என்றதும் அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. கணக்கு வாத்தியார் என்றால் வீட்டுக் கணக்கையாவது ஒழுங்காகப் பார்ப்பார் என்று நினைத்திருப்பார். எங்கள் வீட்டுப் பால் கணக்கு இன்றுவரை என் கையில்தான் இருக்கிறது.

கல்யாணமான புதிதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூ வாங்கி வருகிறேன் என்று போனவர் வெறுங்கையோடு திரும்பி வந்து ஒரு தாளை நீட்டினார். அதில் ஒன்று, ஒன்று, ஒன்று என்று வரிசையாகப் பத்தொன்பது ஒன்றுகள்.

“இது பகா எண்ணுன்னு எனக்கு மனசுல படுது” என்றார், ஏதோ எனக்குக் குழந்தை உண்டாகியிருப்பதை அவரே கண்டுபிடித்துவிட்ட மாதிரி.

பகா எண் என்றால் என்னவென்று அன்றைக்குத்தான் எனக்குப் பாடம் நடந்தது. ஒன்றாலும் தன்னாலும் தவிர வேறு எதாலும் மீதியில்லாமல் வகுபடாத எண். இரண்டு ஒன்றுகள் சேர்ந்த பதினொன்று அப்படிப்பட்டது. மூன்று ஒன்றுகள் போட்டால் நூற்றுப் பதினொன்று, அது மூன்றால் வகுபடும். நான்கு போட்டால் பதினொன்றால் வகுபடும். இப்படி ஒவ்வொன்றாகச் சாய்ந்துகொண்டே போய், பத்தொன்பதில்தான் மறுபடியும் ஒன்று நிமிர்ந்து நிற்கிறதாம்.

“அதை எப்படித் தெரிஞ்சுக்கிறது?”

“சின்னச் சின்ன பகா எண்ணால எல்லாம் வகுத்துப் பாக்கணும்.”

“எது வரைக்கும்?”

“நூறு கோடிக்குக் கொஞ்சம் ஜாஸ்தி.”

கொஞ்சம் ஜாஸ்தியாம்! அதற்கு எத்தனை ஜென்மம் ஆகும் என்று கேட்டேன். அண்ணாமலையார் இருக்காரு, பாத்துப்பாரு என்றார். வாங்க மறந்த பூவுக்கும் அவரே பொறுப்பு போலிருக்கிறது.

பல வருஷம் அந்த எண் எங்கள் வீட்டில் மூன்றாவது ஆளாகக் குடியிருந்தது. சாம்பார் ஆறும், அவர் வகுத்துக்கொண்டிருப்பார். கடைசியில் மெட்ராஸிலிருந்து வந்த ஒரு சிநேகிதர், அது பகா எண்தான் என்று வெளிநாட்டில் யாரோ எப்போதோ நிரூபித்துவிட்டார்கள், அதற்கு வேறு குறுக்குவழிகள் இருக்கின்றன என்று போகிற போக்கில் சொன்னார். இவர் முகம் வாடும் என்று நான் பயந்தேன். “பாத்தியா, நான் அப்பவே சொன்னேன்ல?” என்று சந்தோஷமாக ஒரு கை அதிகமாகச் சாப்பிட்டார். இந்த மனுஷனை எதில் சேர்ப்பது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

சுற்றி முடிக்காத கிரிவலம்

இனி கஸ்தூரி. எங்கள் வீட்டிலிருந்து நாலாவது வீடு. தையல் மிஷின் வைத்திருந்தாள். எங்கள் பக்கத்தில் அவள் தைக்காத ரவிக்கை கிடையாது. யாருக்கு உடம்பு ஏறியிருக்கிறது, யாருக்கு இறங்கியிருக்கிறது என்பது அவரவருக்குத் தெரிவதற்கு முன்னால் அவளுக்குத் தெரியும். யாரிடமும் சொல்ல மாட்டாள்.

அவள் புருஷன் மல்லாட்டை மண்டியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவன். ஒரு பௌர்ணமியன்று கிரிவலம் போய்விட்டு வருகிறேன் என்று போனான். அப்போதெல்லாம் மலை சுற்றுகிற பாதையில் இப்போது மாதிரி ஜனம் இருக்காது. தொலைந்து போகக் கூட்டமே கிடையாது. ஆனாலும் அவன் திரும்பவில்லை. அடி அண்ணாமலைப் பக்கம் காவி கட்டி உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன் என்றார் ஒருவர். காசியில் என்றார் இன்னொருவர். ஊர் உலகத்தில் சாமியாராகப் போக நினைக்கிறவர்கள் எல்லாம் எங்கள் ஊருக்கு வருகிறார்கள். எங்கள் ஊர்க்காரன் அதற்கும் எங்கோ வெளியூர் போனானோ என்னவோ.

கஸ்தூரி தாலியைக் கழற்றவில்லை, குங்குமத்தையும் விடவில்லை. யாரும் அவளை ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் வளைகாப்புக்குக் கூப்பிடும்போது அவள் வீட்டு வாசலை மட்டும் வேகமாகக் கடந்துவிடுவார்கள். வளைகாப்பு ரவிக்கைக்கு அளவு கொடுக்க மட்டும் நின்று நிதானமாக வருவார்கள்.

தலைவியம்மாவின் ஆயிரத்தெட்டு

எழுபதுகளின் கடைசியோ எண்பதுகளின் தொடக்கமோ, வருஷத்தைக் கேட்காதீர்கள். ஆடி வெள்ளியில் திருவிளக்குப் பூஜை போடுவது பரவத் தொடங்கியிருந்த சமயம். எங்கள் பகுதி மாதர் குழுவுக்கு ராஜேஸ்வரியம்மா தலைவி. ரைஸ் மில்காரர் சம்சாரம். நல்ல மனசு, பெரிய குரல். வேலூரில் ஐந்நூறு விளக்கு வைத்தார்கள் என்று கேள்விப்பட்டதிலிருந்து அவருக்குத் தூக்கம் போய்விட்டது.

“நாம ஆயிரத்தெட்டு வெக்கிறோம்!”

டோக்கன் அச்சடித்தாயிற்று. பள்ளிக்கூடத்து மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டு இடம் பிரிக்கும் பொறுப்பு என் வீட்டுக்காரருக்கு. நானும் குழுவில் ஒருத்தி. சுமங்கலிகளும் கல்யாணமாகாத பெண்களும் உட்காரலாம் என்பது ஏற்பாடு. கஸ்தூரி ஒருநாள் என் ரவிக்கையைக் கொடுக்க வந்தவள், பொத்தானைத் திருகிக்கொண்டே கேட்டாள்.

“அக்கா, எனக்கு ஒரு டோக்கன் கிடைக்குமா?”

இத்தனை வருஷத்தில் அவள் என்னிடம் கேட்ட முதல் விஷயம் அது. கிடைக்கும் என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் குழுவில் என்ன சொல்வார்களோ என்று யோசித்தேன்.

குழுவில் பேச்செடுத்தேன். புருஷன் சாமியாராகப் போனவள் சுமங்கலியா இல்லையா என்று ஒரு மணி நேரம் நடந்தது பாருங்கள் விவாதம், ஐகோர்ட்டில்கூட நடந்திருக்காது. சந்நியாசம் வாங்கினால் தனக்குத்தானே கருமாதி செய்துகொள்வார்கள், ஆகவே அவன் இல்லாதவன் என்றது ஒரு கட்சி. அவன் முறையாக வாங்கினானா, சும்மா காவி கட்டினானா என்றது எதிர்க்கட்சி. முடிவு தெரியாமல் எல்லாரும் தலைவியம்மாவைப் பார்த்தார்கள்.

அவருக்குக் கஸ்தூரி மேல் கோபம் ஒன்றும் கிடையாது. ஊர் என்ன சொல்லுமோ என்ற பயம்தான். அதை வாய்விட்டுச் சொல்லக் கூசியதால் எண்ணைப் பிடித்துக்கொண்டார்.

“நான் வேணான்னு சொல்லலைம்மா. டோக்கன் முடிஞ்சுடுச்சே! ஆயிரத்தெட்டு ராசியான எண்ணு. அதுக்கு மேல ஒத்த விளக்கு தனியா நின்னா நல்லாவா இருக்கும்?”

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டார் என்பது சும்மாவா?

என் டோக்கனைக் கொடுக்கிறேன் என்று கஸ்தூரியிடம் போனேன். அவள் ஊசியில் நூல் கோத்துக்கொண்டே தலையை ஆட்டினாள்.

“உன் எடம் எனக்கு வேணாக்கா. எனக்குன்னு ஒரு எடம் இருந்தா சொல்லு. இல்லைன்னாலும் பரவால்ல.”

பரவாயில்லை என்று சொன்ன குரலில் பரவாயில்லை இல்லை. அன்றைக்கு ராத்திரி நான் சரியாகச் சாப்பிடவில்லை. அதைக் கவனித்துத்தான் இவர் மறுநாள் காலையில் புளியங்கொட்டைச் சட்டியைக் கவிழ்த்தார் என்பதை இங்கே பதிவு செய்துவிடுகிறேன். நல்லதாக ஒன்று எழுதச் சொன்னாரே.

வளையாத எண்

கொட்டைகளோடு மல்லுக்கட்டி முடித்தவர், அன்று சாயங்காலம் என்னோடு தலைவியம்மா வீட்டுக் கூடத்துக்கு வந்தார். குழுவே கூடியிருந்தது.

“ஆயிரத்தெட்டு இருக்கே, அது எல்லாரோடயும் ஒத்துப்போற எண்ணுங்க. முப்பது எண்ணால வகுபடும். ஏழு ஏழா நிறுத்தலாம், பன்னெண்டு பன்னெண்டா நிறுத்தலாம். ஆனா ஒண்ணு கூட்டிட்டா, ஆயிரத்து ஒம்பது. அது பகா எண். எதாலயும் வகுபடாது. எத்தனை பேரா பிரிச்சாலும் மீதி நிக்கும். வரிசை போடவே முடியாதுங்க.”

தலைவியம்மா முகம் மலர்ந்துவிட்டது. “கேட்டீங்களா? மாஸ்டரே சொல்லிட்டாரு, முடியாதுன்னு!”

எனக்கு வந்த ஆத்திரத்தைக் கேட்காதீர்கள். கஸ்தூரிக்காகப் பேசக் கூட்டி வந்தவர் எதிராளிக்குச் சாட்சி சொல்லிவிட்டுச் சிரித்துக்கொண்டு நிற்கிறார். நான் பார்த்த பார்வையில் அவசரமாகத் தொண்டையைச் செருமினார்.

“ஆனா ஒரு விசேஷம் இருக்குங்க. ரெண்டு சதுரமா பிரிக்கலாம். இருபத்தெட்டுக்கு இருபத்தெட்டு ஒரு பெரிய சதுரம், பதினஞ்சுக்குப் பதினஞ்சு ஒரு சின்னச் சதுரம். கூட்டினா சரியா ஆயிரத்து ஒம்பது. இந்த எண்ணை இப்படி ரெண்டு சதுரமா பிரிக்க இந்த ஒரு வழிதான் இருக்கு. எவ்ளோ அழகு பாருங்க!”

அழகைப் பார்க்க அங்கே யாருக்கும் நேரமில்லை. ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள்.

“சின்னச் சதுரத்துல யாரு உக்காருறது?” என்றார் மருந்துக் கடைக்காரர் சம்சாரம்.

“நான் பெருசு” என்று உடனே ஒரு குரல் வந்தது. பிறகு எல்லாக் குரலும் வந்தது. ஒரு நிமிஷத்தில் சின்னச் சதுரம் காலியாகிவிட்டது. அதில் கஸ்தூரியை மட்டும் தனியாக உட்கார வைத்துவிடுவார்கள் என்று தெரிந்தது. எனக்குப் பொறுக்கவில்லை.

“எதாலயும் வகுபடாது, எதாலயும் வகுபடாதுன்னு இதையே சொல்லிக்கிட்டு! ஒண்ணாலகூடவா வகுபடாது?” என்று சீறினேன்.

“ஒண்ணால வகுபடாத எண்ணு ஏதுடி? ஒண்ணாலயும் வகுபடும், தன்னாலயும் வகுபடும்.”

“அப்ப ஒரே வரிசையா போடுங்க!”

நான் சண்டைக்குத்தான் சொன்னேன். இவர் வாயைத் திறந்தபடி என்னைப் பார்த்தார். மக்குப் பையன் சரியான விடை எழுதியிருந்தால் விடைத்தாளைப் பார்ப்பாரே, அந்தப் பார்வை. பிறகு மெதுவாகச் சொன்னார்: “போடலாம். அது ஒண்ணுதான் வழி.”

“அவ்ளோ நீளத்துக்கு மைதானம் ஏது மாஸ்டர்?” என்றார் தலைவியம்மா.

“மைதானம் எதுக்குங்க? வட ஒத்தவாடைத் தெரு இருக்கு. ஒரு பக்கம் பூரா பெரிய கோயில் மதிலு. யார் வீட்டு வாசலையும் மறிக்காது. மதிலை ஒட்டியே போய், மூலை திரும்பி, மேற்கே பேய்க்கோபுரம் பக்கம் முடியும்.”

தலைவியம்மா மனசுக்குள் அந்த வரிசை ஓடுவது எங்களுக்கே தெரிந்தது. வரிசையின் தலையில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்பதும் தெரிந்தது.

“வேலூர்ல இந்த மாதிரி போட்டாங்களா?”

“எங்கயும் போட்டிருக்க மாட்டாங்க.”

“அப்ப ஆயிரத்தெட்டையே ஒரே வரிசையா போட்டுடலாமே?”

சரியான பிடி. இவர் கண் இமைக்காமல் சொன்னார்:

“போடலாம். ஆனா யாராச்சும் கேப்பாங்க, மைதானத்துல அழகா வரிசை கட்டாம ஏன் தெருவுல போட்டீங்கன்னு. ஆயிரத்து ஒம்பதுன்னா ஒருத்தரும் கேக்க முடியாது. வேற வழியே இல்லாத எண்ணுங்க அது.”

தலைவியம்மா தாம்பூலத் தட்டைத் தள்ளி வைத்தார். “சரி. அந்தப் பொண்ணுக்கு ஒரு டோக்கன் எழுதிக் குடுங்க” என்றார். ஊர் பயத்தைவிட வேலூர் பயம் ஜாஸ்தியாக இருந்தது. எப்படியோ ஆகட்டும், இடம் கிடைத்தது.

கையால் எழுதிய அந்த டோக்கனை நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். “காய்க்காரம்மா போடுற கொசுறு மாதிரியாக்கா நானு?” என்றாள் கஸ்தூரி. ஆனால் சிரித்தாள்.

தெருவோடு வந்த நெருப்பு

அந்த ஆடி வெள்ளி சாயங்காலம் தெருவில் தண்ணீர் தெளித்துக் கோலம் போட்டிருந்தது. மலைக்குப் பின்னால் வெயில் இறங்கியதும், ஈரத் தரையிலிருந்து சூடு கிளம்பி முகத்தில் அடித்தது. மல்லிகையும் நல்லெண்ணெயும் கலந்த வாசனை. மைக் செட்டில் தலைவியம்மா, “யாராலும் வகுக்க முடியாத எண்!” என்று பத்துத் தடவைக்குக் குறையாமல் அறிவித்தார். என் வீட்டுக்காரர் ஒவ்வொரு தடவையும் “ஒண்ணாலயும் தன்னாலயும் தவிர” என்று தனக்குள் திருத்திக்கொண்டே நடந்தார்.

தலைவியம்மா முதல் விளக்கு. நான் என் டோக்கனை மாற்றிக்கொண்டு ஆயிரத்தெட்டாவது இடத்துக்கு வந்துவிட்டேன். எனக்கு அந்தப் பக்கம் கஸ்தூரி. அவளுக்கு அந்தப் பக்கம் யாரும் இல்லை.

சந்நிதியிலிருந்து வந்த தீயில் முதல் விளக்கு ஏறியது. பிறகு ஒவ்வொருத்தரும் தன் விளக்கிலிருந்து பக்கத்தாள் விளக்குக்கு ஏற்றிவிட வேண்டும். கடைசி விளக்கு எரிந்த பிறகுதான் குருக்கள் போற்றி சொல்லத் தொடங்குவார். இது என் வீட்டுக்காரர் போட்ட ஏற்பாடு. இதில் ஆகும் நேரத்தை மட்டும் கணக்கு வாத்தியார் கணக்குப் போடவில்லை. இருட்டிக்கொண்டு வந்தது. மூலைக்கு அப்பால் உட்கார்ந்திருந்த எங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. காற்று வேறு.

அப்போதுதான் வரிசை வழியாக வாய்மாற்றி வாய்மாற்றி ஒரு கேள்வி வந்தது: “கடைசி விளக்கு ஏத்தியாச்சான்னு தலைவியம்மா கேக்குறாங்க.” கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் அதே கேள்வி. எண்ணெய் தீர்ந்து இரண்டாம் தடவை ஊற்றிக்கொண்டு அங்கே அவர் தவித்துக்கொண்டிருந்தாராம்.

நெருப்பு மூலை திரும்பி வந்தது. என் விளக்கு எரிந்தது. நான் திரியைத் தூண்டி, கஸ்தூரியின் விளக்குக்கு நீட்டினேன். அவள் இரண்டு கையாலும் காற்றை மறைத்துக்கொண்டாள். தெருவின் எதிர்ப்பக்கம் காவி கட்டியவர்கள் நாலைந்து பேர் வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவள் ஒருதடவைகூட அந்தப் பக்கம் பார்க்கவில்லை. நான்தான் ஒவ்வொரு முகமாகத் துழாவினேன்.

விளக்கு எரிந்ததும், என்னைத் தாண்டி எட்டிப் பார்த்து, வரிசைக்குக் கேட்கிற மாதிரி அவளே சொன்னாள்:

“ஏத்தியாச்சு.”

அந்த ஒரு வார்த்தை ஆயிரம் வாய் மாறிப் போய்த் தலைவியம்மாவைச் சேர்ந்தது. அதற்குப் பிறகுதான் மைக்கில் முதல் போற்றி கேட்டது. எனக்கு அழுகை வந்துவிட்டது. திரிப் புகை என்று சொல்லிச் சமாளித்தேன்.

சர்க்கரைப் பொங்கல்

பூஜை முடிந்து தலைவியம்மா வீட்டு வாசலில் சர்க்கரைப் பொங்கல். அவரே கரண்டியோடு நின்றார். காலில் நரம்பு பிடித்திருந்தும் முகத்தில் வெற்றி. கஸ்தூரியின் தொன்னையில் ஒரு கரண்டி கூடவே விழுந்ததைப் பார்த்தேன்.

“மாஸ்டர், அடுத்த வருஷமும் இதே மாதிரிதான். ஆனா இதே எண்ணு வேணாம். வருஷா வருஷம் ஏறணும். அடுத்த வகுபடாத எண்ணு எது?”

இவருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? பொங்கலை விழுங்குவதற்கு முன்பே விடை வந்துவிட்டது. “ஆயிரத்துப் பதிமூணுங்க. நாலு பேரு கூட வேணும்.”

“நாலு பேருக்கு எங்க போறது? வர்றவங்க எல்லாந்தான் வந்துட்டாங்களே.”

“நாலு பேருதானேம்மா? இருக்காங்க” என்றாள் கஸ்தூரி.

சொல்லிவிட்டு விரலை மடக்கினாள். ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. ரெண்டாம் தாரத்துக்கு இடம் கொடுத்துவிட்டுப் பிறந்த வீட்டில் கிடந்தவள் ஒருத்தி. நாற்பது வயதாகியும் மாப்பிள்ளை அமையாததால் கன்னிப் பெண்கள் கணக்கிலும் வராமல் போனவள் ஒருத்தி. புருஷன் ஜெயிலில் இருந்தவள் ஒருத்தி. கடைசி விரலை மடக்கும்போது, “அப்புறம் நம்ம கமலா” என்றாள். கமலா புருஷன் போன தை மாதம்தான் செத்துப்போயிருந்தான்.

கரண்டி அண்டாவுக்கு மேலேயே நின்றுவிட்டது. சுற்றியிருந்தவர்கள் தொன்னையைப் பார்த்துக்கொண்டார்கள். அத்தனை வருஷமும் அந்த நாலு பேருக்கும் இவள்தான் அளவெடுத்துத் தைத்துக்கொண்டிருந்தாள் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

தலைவியம்மா மெதுவாக என் வீட்டுக்காரர் பக்கம் திரும்பினார். குரலில் அதட்டல் இல்லை. கெஞ்சல்தான் இருந்தது.

“மாஸ்டர், நடுவுல வகுபடாத வேற எண்ணே இல்லையா?”

இவர் பொய் சொல்லத் தெரியாத மனுஷர். எண் விஷயத்தில் சாமியே வந்து கேட்டாலும் சொல்ல மாட்டார். தொன்னையைக் கீழே வைத்து, கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, ரொம்பப் பணிவாகச் சொன்னார்:

“இல்லைங்க.”

கல்யாணமான நாளிலிருந்து இன்றுவரை இந்த மனுஷர் என்னிடமும் ஊரிடமும் பேசிய அத்தனை பேச்சிலும், எனக்கு ரொம்பப் பிடித்தது அந்த ஒரு வார்த்தைதான்.